தண்ணி எங்கம்மா போகும்?

தோட்டத்தில் நடைபாதை போடலாம் என்று முடிவானதும் நான் முதலில் செய்த காரியம், கல் விற்கும் இடத்துக்குப் போய் எது அழகாக இருக்கிறது என்று பார்த்ததுதான். குளிர் முடிந்து வெயில் எட்டிப் பார்த்த முதல் வாரம் அது. எல்லோருக்கும் அந்த வாரத்தில்தான் தோட்ட ஆசை வரும், எனக்கும் வந்தது. குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருந்ததில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் இருந்தது, உருண்டை உருண்டையாக, பளபளவென்று. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வரவில்லை. அதையே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து இறங்கியதைப் பரப்பி முடித்த அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தள்ளுவண்டியை அதில் உருட்டிப் பார்த்தபோது சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. நடந்தால் கோலிக்குண்டைக் கொட்டி அதன்மேல் நடப்பது போல் கால் வழுக்கும். பத்து நாளில் பாதிக் கல் புல்லுக்குள் ஓடிவிட்டது, மீதிப் பாதி மழையில் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஊற்றிய மழை நடுவில் குட்டையாக நின்றது.

என் மாமா ஒருத்தர், அம்மாவின் தம்பி, வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். போனில் வீடியோவில் காட்டினேன். கல்லின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி எங்கம்மா போகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கல்லை வாங்கு பாப்பா" என்று வைத்துவிட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த இரண்டு வசந்தத்திலும் நான் வாங்கிக் கெடுத்த ஒவ்வொன்றும், கல்லோ மண்ணோ, பாத்தி மண்ணை மூடப் பரப்பும் மரச்சில்லு மூடாக்கோ, அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கியதுதான்.

முதலில் கல். உருண்டைக் கல்லுக்கும் உடைத்த ஜல்லிக்கும் வித்தியாசம் நிறம் இல்லை, வடிவம். உடைத்த ஜல்லிக்கு விளிம்பும் முனையும் உண்டு, மிதித்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். கூழாங்கல் உருளத்தான் செய்யும், அதை எவ்வளவு கனமாகப் போடுகிறோமோ அவ்வளவு மோசம். நடக்கிற பாதைக்கு 10 மில்லிமீட்டர் அளவிலான உடைத்த ஜல்லி போதும். கூழாங்கல்லைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம், செடித்தொட்டியைச் சுற்றி என்று யாரும் மிதிக்காத இடத்தில் போடலாம். என் வெள்ளைக் கல் இப்போது அங்கேதான் இருக்கிறது, முக்கால்வாசி பச்சைப்பாசி பிடித்து. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வெள்ளைக் கல் ஒரு வருஷம்கூட வெள்ளையாக இருக்காது. கடையில் காய்ந்து கிடக்கும் கல்லை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள், ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறம் கறுப்பாகும், பழுப்பு சிவப்பாகும், மழைக்காலம் முழுக்க நீங்கள் பார்க்கப்போவது அந்த நிறத்தைத்தான்.

இன்னொன்று, சுண்ணாம்புக்கல் ஜல்லி. விலை குறைவு என்று எடுத்து அசேலியா, கேமெலியா, ப்ளூபெர்ரி மாதிரி புளிப்பு மண் கேட்கிற செடிகளைச் சுற்றிப் போட்டுவிட்டால் போகப்போக மண்ணின் காரத்தன்மை ஏறி, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கல்லைக் கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்துவிடலாம். நுரைத்தால் அந்தச் செடிகளின் பக்கம் வேண்டாம்.

ஆனால் பாதை கெட்டதற்கு மேலே போட்ட கல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அடியில் ஒன்றுமே போடாதது. ஈரமண்ணின் மேல் நேராகக் கல்லைக் கொட்டினால் மிதிக்க மிதிக்கக் கல் கீழே போகும், சேறு மேலே வரும். இரண்டாம் முறை 15 சென்டிமீட்டர் தோண்டினோம். மண்ணையும் ஜல்லியையும் பிரிக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் பொடியும் சில்லும் கலந்த உடைத்த கல் 10 சென்டிமீட்டர், அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கினோம். கையால் இடிக்கும் திமிசில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் தோள் போய்விட்டது, அப்புறம் வாடகைக்கு இயந்திரம் எடுத்தோம். அதை முதலிலேயே எடுத்திருக்கலாம்.

இங்கே கணக்கு. நம் பாதை 10 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், ஆக 12 சதுர மீட்டர். அடித்தளம் 10 சென்டிமீட்டர் என்றால் 1.2 கன மீட்டர். ஆனால் இறுக்கும்போது கல் அமுங்கும், அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடச் சொல்ல வேண்டும், கிட்டத்தட்ட 1.45 கன மீட்டர். மேலே போடும் ஜல்லி 5 சென்டிமீட்டருக்கு 0.6 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஜல்லி சுமார் ஒன்றரை டன் எடை வரும், எனவே இந்தச் சின்னப் பாதைக்கே மூன்று டன்னுக்குப் பக்கத்தில் நாம் தள்ளுவண்டியில் தள்ளியாக வேண்டும். யாரும் யோசிக்காதது தோண்டிய மண். 12 சதுர மீட்டரை 15 சென்டிமீட்டர் தோண்டினால் 1.8 கன மீட்டர், வெளியே வந்ததும் உப்பி இரண்டே கால் ஆகிவிடும். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் அது இரண்டு மாசம் வாசலில் மலையாக நின்றது, இவர் தினமும் காரை அதைச் சுற்றி வளைத்து எடுத்தபடி என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அப்புறம் மூடாக்கு. எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது இதுதான், ஏனென்றால் இதில் என்ன தப்பு வரப்போகிறது, மரச்சில்லுதானே என்று நினைத்தேன்.

முதல் தப்பு அளவு. 30 சதுர மீட்டர் பாத்திக்கு 50 லிட்டர் பை 15 வாங்கினேன், பார்ப்பதற்கு வண்டி நிறைய இருந்தது. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், அதாவது இந்தப் பை 20. நான் வாங்கியது முக்கால் கன மீட்டர், பரப்பினால் இரண்டரை சென்டிமீட்டர் கனம். களை அதைக் கண்டு சிரித்தது. 7.5 சென்டிமீட்டருக்கு எனக்கு 45 பை வேண்டியிருந்தது. இவ்வளவு என்றால் பையாக வாங்குவதே வீண், மொத்தமாகக் கொட்டச் சொல்வதுதான் சரி.

அடுத்த வருஷம் மொத்தமாகச் சொன்னேன். வந்து கொட்டியபோதே ஒரு வாடை, வினிகர் மாதிரி, அடியில் கிளறினால் அழுகிய முட்டை மாதிரி. மரச்சில்லு இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டு அன்று சாயங்காலமே பாத்தி முழுக்கப் பரப்பிவிட்டேன். இரண்டு நாளில் சின்னச் செடிகளின் கீழ் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல் வெளுத்து ஓரம் கருகிவிட்டது. பெரிய குவியலாக, ஈரமாக, காற்றில்லாமல் பல வாரம் கிடந்த மரச்சில்லு உள்ளுக்குள் புளித்துவிடும், அதில் சேரும் அமிலமும் ஆவியும்தான் செடியைச் சுடுகிறது. மேலே காய்ந்து நன்றாகவே இருக்கும், நடுவில் கையை விட்டு முகர்ந்தால்தான் தெரியும். நல்ல மூடாக்கு மழை பெய்த காட்டு மண் மாதிரி மணக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை, தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சில நாள் கிளறிவிட்டால் வாடை போய்விடும். நான் அதை முடித்த பிறகுதான் படித்தேன், போட்டதையெல்லாம் வாரி எடுத்து, செடிகளுக்கு நிறையத் தண்ணீர் விட்டு, பாதியைக் காப்பாற்றினேன்.

மூன்றாவது தப்பு அடிமரத்தில். மரத்தைச் சுற்றி எரிமலை மாதிரி குவித்து வைப்பது அழகு என்று நினைத்தேன், எங்கு பார்த்தாலும் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டை எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் அழுகும், வேர்கள் மண்ணுக்குள் போகாமல் மூடாக்குக்குள் ஏறி அடிமரத்தையே சுற்றி நெரிக்கும், எலி வந்து கடிக்க வசதியான வீடு வேறு. அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நடுவில் பள்ளமான வட்டத் தட்டு மாதிரி போடுங்கள், மலை மாதிரி வேண்டாம்.

களைக்காகப் பாத்தியில் மூடாக்குக்கு அடியில் கறுப்புத் துணி விரிப்பது இன்னொரு வம்பு. முதல் வருஷம் சொர்க்கம். இரண்டாம் வருஷம் துணியின் மேல் மூடாக்கு மட்கி மண்ணாகி, அதில் காற்றில் வந்த விதை முளைத்து, அந்த வேர் துணியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். பிடுங்கினால் துணியோடு வரும். துணியின் கண் அடைத்துக்கொண்டு தண்ணீரும் சரியாக இறங்காது. பாதைக்கு அடியில் இதே மாதிரித் துணி நல்ல வேலை செய்கிறது, செடிக்கு அடியில்தான் கெடுக்கிறது. நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அதை வெட்டி எடுத்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினால் ஒரு மாசம் வரும்.

மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். மேலே பரப்பினால் அந்தப் பயம் வேண்டாம், தொட்டுக்கொண்டிருக்கும் மேல் தோலில் மட்டும்தான் அது நடக்கும். மண்ணுக்குள் கொத்திக் கலந்தால்தான் நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்கத் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும். சாயம் பூசிய மூடாக்கு எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம், பழைய கட்டுமானப் பலகையை அரைத்து நிறம் ஏற்றியதாக இருக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் கோகோ ஓட்டு மூடாக்கு கூடவே கூடாது, சாக்லேட்டில் உள்ள அதே நஞ்சு அதிலும் உண்டு. இன்னும் ஒன்று, மண் சூடாவதற்கு முன் மூடாக்குப் போட்டால் குளிர் உள்ளேயே தங்கிவிடும், செடி சோம்பிக் கிடக்கும். வசந்தம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே நான் மூடியது அப்படித்தான் ஆனது.

மண் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சொந்த மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் மணல் அடியில் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல் படியும், களிமண் ஒரு நாளுக்கு மேல் கலங்கியே நிற்கும். எங்கள் ஜாடி மூன்றாம் நாளும் பால் மாதிரி இருந்தது. பிறகு முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் வடிகால் சரியில்லை. எங்களுடையது ஒன்றுகூட இறங்கவில்லை. மாமாவிடம் சொன்னேன். "இப்பத்தான் பேச வந்திருக்க" என்றார்.

களிமண்ணுக்கு மணல் கலந்தால் இளகும் என்று நானே நினைத்து ஒரு பாத்தியில் செய்துவிட்டேன். கொஞ்சமாக மணல் சேர்த்தால் களிமண் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிடும். களிமண்ணை இளக்குவது மட்கிய உரம்தான், அதுவும் ஒரே வருஷத்தில் இல்லை.

புது மண்ணைப் பழைய மண்ணின் மேல் அப்படியே கொட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தயங்கி நிற்கும், வேரும் அங்கேயே திரும்பிக்கொள்ளும். பழைய மண்ணைக் கடப்பாரையாலோ தோட்டத்து முள்கரண்டியாலோ கிளறி, முதல் கொஞ்சம் புது மண்ணை அதோடு கலந்துவிட்டு, மீதியை மேலே போட வேண்டும். மண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள், உதிர்ந்தால் வேலை பார்க்கலாம், பிசுபிசுவென்று நசுங்கினால் இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். ஈரத்தில் மிதித்த மண் இறுகிப்போனால் திரும்ப இளகப் பல வருஷம் ஆகும்.

மட்கிய உரத்திலும் ஒரு வம்பு உண்டு, இது எனக்கு நேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நல்ல கறுப்பாக, வாடையில்லாமல், பார்க்க அருமையான எருவாக இருந்தது. அதில் வைத்த தக்காளிச் செடியின் நுனி இலைகள் பெரணி மாதிரி சுருண்டு முறுக்கிக்கொண்டன. நோய் என்று மருந்தடித்தேன். காரணம் வேறு. புல்வெளியில் களைக்கு அடிக்கும் க்ளோபைராலிட், அமினோபைராலிட் என்ற மருந்துகள் அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றிலும் அழியாது, சாணத்திலும் அழியாது, எருக்குழியில் மட்கினாலும் மாசக்கணக்கில் நிற்கும். புல் இனத்தை ஒன்றும் செய்யாது, தக்காளி, பீன்ஸ், பட்டாணியைத்தான் பதம் பார்க்கும். இப்போது எந்த எரு வந்தாலும் முதலில் அதைக் கொஞ்சம் எடுத்து நல்ல மண்ணோடு கலந்து மூன்று தொட்டியில் பீன்ஸ் விதை ஊன்றுகிறேன், பக்கத்தில் எரு கலக்காத மண்ணில் மூன்று தொட்டி. மூன்று வாரம். இலை கிண்ணம் மாதிரி குவிந்தால் அந்த எரு காய்கறிப் பாத்திக்குப் போகாது. வசந்தத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே எருவை வாங்கி வைக்க வேண்டும் என்பதுதான் இதன் தொந்தரவு, நல்ல நாளில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

காய்கறிப் பாத்திக்கு ஓரம் கட்ட பழைய ரயில் தண்டவாளக் கட்டை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் ஊறியிருப்பது கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய்.

கல் பதித்த முற்றம் மூன்றாம் வருஷ வேலை. அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது, முதலில் நூல் கட்டினேன். வாட்டம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், வீட்டுச் சுவரைவிட்டு வெளியே போகிற பக்கமாக. ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை ஒட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டாம். கல்லுக்கு அடியில் இறுக்கிய ஜல்லி, அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் பருமணல். கல்தூள் நன்றாகச் சமன்படும் என்று விற்பார்கள், ஆனால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையும் குளிர் உள்ள இடத்தில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி 9 சதவீதம் பெருக்கும், அடியிலிருந்து இன்னும் ஈரத்தை இழுத்துத் தடிக்கும், கல் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். மணல் மெத்தையைக் கனமாகப் போட்டுப் பள்ளத்தை நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம், பள்ளத்தை ஜல்லி இருக்கும்போதே சரிபண்ண வேண்டும். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள், வந்த கல் கட்டு எல்லாவற்றையும் பிரித்து வைத்துக் கலந்து கலந்து பதியுங்கள், இல்லாவிட்டால் முற்றம் பாதி ஒரு நிறம் பாதி ஒரு நிறம் என்று ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் ஒரு மூலை இருக்கிறது, இரண்டாம் தடவை வாங்கியது.

லாரி வரும் நாளில் வீட்டில் இருங்கள். கொட்டும் இடத்தில் முதலில் தார்ப்பாய் விரித்து வையுங்கள், கடைசிக் கூடை ஜல்லியைப் புல்லிலிருந்து பொறுக்கும் வேலை மிச்சம். மேலே மின்கம்பி இருந்தால் வண்டியின் தொட்டி தூக்க முடியாது, மண் ஈரமாக இருந்தால் சக்கரம் இறங்கிவிடும், இரண்டையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். மூடாக்கும் மண்ணும் வந்தால் மழைக்கு முன் மூடுங்கள், நனைந்த மண்ணைத் தள்ளுவது இரட்டை வேலை.

போன வாரம் இந்த வசந்தத்தின் முதல் பெரிய மழை. குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் போய் நின்றேன், இவர் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் வாட்டத்தில் ஓடி, ஜல்லிப் பாதையில் இறங்கி, காணாமல் போனது. குழாயடியில் மட்டும் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "நாலு கல்லு தூக்கணும், தெரியுதா?" தெரிகிறது மாமா. அரை மூட்டை பருமணல் மீதம் இருக்கிறது. மழை விடட்டும்.